பன்னிரண்டு வோல்ட்தானே, சார்?

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு பழைய ஸ்பேனர் இருக்கிறது. அதன் ஓரத்தில் மிளகு அளவுக்கு இரும்பு உருகிய பள்ளம். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை நான் அதைக் காட்டித்தான் தொடங்குகிறேன்.

பள்ளத்தை உண்டாக்கியவனும் நானே. ஒரு மாலை என் கார் கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்தால், பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தது. சுத்தம் செய்ய நேர்முனை நட்டை முதலில் திருகினேன். ஸ்பேனரின் மறுபக்கம் காரின் உடலில் பட்டது. 'பட்' என்று ஒரு சத்தம், கண்கூசும் பொறி. கையை உதறியதால் தப்பித்தேன்.

"ஷாக் அடிச்சுதா, சார்?"

"இல்லை."

"பன்னிரண்டு வோல்ட்தானே சார், அப்புறம் என்ன பயம்?"

ஆண்டுதோறும் இந்தக் கேள்வி வந்துவிடும். உண்மையில், அன்று நான் அலட்சியமாக இருந்ததும் இதே எண்ணத்தால்தான்.

பதிலை ஓம் விதியிடமே விடுகிறேன். உலர்ந்த தோலின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். 12 வோல்ட்டில் உடல் வழியே பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஸ்பேனர் வழியாகவோ? சுற்றின் மொத்த மின்தடை 0.02 ஓம் எனக் கொண்டு கணக்கிடச் சொல்வேன். விடை 600 ஆம்பியர். மேலே சுழலும் மின்விசிறி அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை என்றதும் வகுப்பு அமைதியாகிவிடும். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு பேட்டரியைத் தொட வேண்டியதன் காரணமும் அப்போது புரிந்துவிடும்.

பொறியால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலுள்ள நீர் பகுப்படைந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அன்று பேட்டரி வெடித்திருந்தால் கந்தக அமிலம் என் முகத்தில்தான் தெறித்திருக்கும்.

எந்த முனையை முதலில் கழற்றுவது? இதை நான் சொல்லித்தருவதில்லை. சுற்றுப்படம் வரைந்து கண்டுபிடிக்கச் சொல்கிறேன். பெரும்பாலான கார்களில் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். எதிர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அது கழன்றபின் நேர்முனையைத் தொட்டால் சுற்று பூர்த்தியாக வழியில்லை. மாட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். இதைத் தானே கண்டுபிடித்த மாணவர் பிறகு மறப்பதில்லை.

ஒன்பதாம் வகுப்பினருக்கு அந்தப் பூப்பே பாடம். பேட்டரியிலிருந்து கசியும் அமிலம் ஈயத்தோடும் தாமிரத்தோடும் வினைபுரிந்து உண்டாகும் உப்புகள் அவை. கழற்றிய முனைகள்மேல் சமையல் சோடா கரைத்த நீரை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். வாயு என்ன என்று கேட்டால், கார்பன் டைஆக்சைடு என்ற பதில் உடனே வரும். பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து, நீர்விட்டுக் கழுவி, துடைத்து, முனைகளை இறுக்கியபின் வாசலின் தடவ வேண்டும். சோடா நீர் பேட்டரி மூடிக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் அமிலம் வீணாகும். இதைத் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து நான்தான் செய்வேன். மாணவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள்.

ஒருமுறை ஒரு மாணவி, "அமிலம் கையில பட்டா சோடாவைத் தேய்க்கலாமா, சார்?" என்றாள். நடுநிலையாக்கலை நன்றாகக் கற்ற பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் கூடாது. தோலிலோ கண்ணிலோ பட்டால், ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கண் என்றால் உடனே மருத்துவமனை. அன்றிலிருந்து இதைக் கேள்வி வரும்வரை காத்திராமல் நானே சொல்லிவிடுகிறேன்.

கார் இல்லாவிட்டாலும் பல பள்ளிகளில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது. அதன் முனைகளைக் கழற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. நம் வேலை, அந்த அறையின் சன்னலைத் திறந்து வைப்பதும், பேட்டரிமேல் யாரும் இரும்பு ஸ்கேலையோ ஜியாமெட்ரி பாக்ஸையோ வைக்காமல் பார்த்துக்கொள்வதும்.