டிக்ரி இருக்கிறது, பணம் எங்கே?

கன்ட்ராக்டருக்குச் சிமெண்டும் பலகையும் கடனாகக் கொடுத்து, பின் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்கி, அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போர் நம் வியாபாரிகளில் உண்டு. கம்பெனி வெறும் பெயர்ப்பலகையாகிவிட்டால் அந்தக் காகிதம் என்ன தரும்? இதற்கு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் வகுத்துள்ள வழியை நாம் தெரிந்துகொள்வது நன்று.

அங்கே லீன் சட்டம் என்று ஒன்றுண்டு. அதில் 1959-ல் வந்த 3-ஏ என்னும் பகுதியின் சாரம் இதுவே: கட்டட வேலைக்காகக் கன்ட்ராக்டர் கையில் வரும் பணம் அவருடைய சொந்தப் பணமன்று, அமானிதம். கூலியாட்கள், துணைக் கன்ட்ராக்டர்கள், சாமான் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அதில் உரிமையுண்டு. கட்டடத்தின்மேல் லீன் பதியாவிட்டாலும், டிக்ரி பெறாவிட்டாலும் அந்த உரிமை போகாது.

வெறும் டிக்ரி கடனாளியின் சொந்த ஆஸ்தியைத்தான் தொடும். அமானித வழக்கோ, வேறு காரியத்துக்குத் திருப்பிவிட்ட பணத்தையும் பின்தொடரும். தெரிந்தே திருப்பிய டைரக்டர்கள் தம் கைப்பொருளிலிருந்து கட்ட நேரிடும். அது திருட்டுக் குற்றமாகவும் ஆகலாம். அக்குலினோ வழக்கில், கன்ட்ராக்டரின் வரிப் பாக்கிக்காக மத்திய சர்க்காரே இப்படிப்பட்ட பணத்தைக் கேட்டு வந்தது. அது யாருடையதென்று மாநிலச் சட்டப்படி பார்க்கும்படி 1960-ல் தலைமைக் கோர்ட்டு வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. 1961-ல் நியூயார்க் மேல் கோர்ட்டு, உரியவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதே கன்ட்ராக்டருடையது என்றது.

ஆனால் வழக்கைத் தனக்கு மட்டும் போட முடியாது. உரிமையுள்ள எல்லோருக்காகவும் போட வேண்டும். கூலியும் அதைச் சார்ந்த வரிகளும் முந்தும், மற்றவர்க்கு விகிதப்படி. வேலை முடிந்து ஓராண்டு, அல்லது நமக்குக் கடைசிப் பணம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டு, இதில் எது பிந்தியதோ அதற்குள் போட வேண்டும். “அடுத்த மாதம் பாய்” என்ற பேச்சில் காத்திருப்போர் கவனிக்க!

கன்ட்ராக்டர் இந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். சாமான் கொடுத்தவர் அதைப் பார்க்கவோ, சத்தியம் செய்த கணக்கைக் கேட்கவோ செய்யலாம். கணக்கே இல்லையென்றால், பணத்தைத் திருப்பிவிட்டதாகவே முதலில் கொள்ளப்படும். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயம் பணிப்பது நினைவுக்கு வருகிறது. நாமோ பற்றுப் புத்தகத்தில் ஆள் பெயரை எழுதுகிறோம், எந்தக் கட்டடத்துக்குச் சாமான் போயிற்று என்பதை எழுதுவதில்லை.

நம் பக்கத்தில் வழி வேறு. சிங்கப்பூரின் 2004-ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவின் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டட வேலைப் பணத் தகராறுகளை நடுவர் மூலம் விரைவில் தீர்க்க வந்தவை. சாமான் கொடுத்தவரும் அவற்றின்படி கேட்கலாம். அங்கும் டெலிவரி சீட்டில் கட்டடத்தின் பெயரும் வாங்கியவர் கையெழுத்தும் இருந்தால்தான் வக்கீலுக்குப் பாதி வேலை குறையும்.