உத்தரவு வாங்கியதோடு வேலை முடியாது

அன்புள்ள தங்கைக்கு,

சொந்த ஊர்த் தாலுகா கோர்ட்டிலேயே தொழில் நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். சென்னையில் பெரிய சீனியரிடம் சேராமல் ஊர் திரும்பியதைத் தோல்வி என்று உன் தோழிகள் சொல்கிறார்களாம். கிரிமினல் வேலையில் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கைதான ஒருவருக்கு முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் வேண்டியது, அரை மணியில் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கக்கூடிய வக்கீல். எவ்வளவு பெரிய பெயர் எடுத்தவராக இருந்தாலும், முந்நூறு மைல் தள்ளி இருப்பவரால் அந்த இரவில் ஆகக்கூடியது கொஞ்சம்தான்.

போன் பெரும்பாலும் இரவில்தான் வரும். அம்மாவோ மனைவியோ பேசுவார்கள். அழுகைக்கு நடுவே எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், யார் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். அந்த மணிதான் முக்கியம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. சும்மா விசாரிக்கத்தான் என்று காலையில் அழைத்துப்போய் மறுநாள் மாலை கைது காட்டுவது பல இடங்களில் பழகிப்போன வழக்கம். வீட்டார் சொல்லும் நேரத்துக்கும் கைதுக் குறிப்பில் உள்ள நேரத்துக்கும் இடைவெளி இருந்தால் அதை அன்றைக்கே எழுத்தில் கொண்டுவா. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அந்தக் குறிப்பில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ உள்ளூரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது ரிமாண்ட். பல வக்கீல்கள் இதைச் சடங்காக நினைத்து, ரிமாண்ட் ஆகட்டும், திங்கட்கிழமை ஜாமீன் மனு போடலாம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீ போகாதே. மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் ராத்திரி பதினோரு மணிக்கு நிற்க வேண்டியிருந்தாலும் நில்.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீசாரால் பிடிக்கப்பட்டு அடிக்கப்பட்டார்கள். மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டு கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23 காலையில் தந்தை இறந்தார். ஸ்டேஷனுக்கும் சிறைக்கும் நடுவில் ஒரு மருத்துவச் சான்றும் ஒரு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் இருந்தன. இரண்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. ரிமாண்டுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று யாராவது கேட்டால் இந்தத் தேதிகளைச் சொல்.

ரிமாண்டின்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கைதானவரை நேரில் பார்க்கும்படி மாஜிஸ்திரேட்டிடம் கேள். அடித்தார்களா என்ற கேள்வியைப் போலீசார் வெளியே நிற்கும்போது கேட்கச் சொல். காயம் இருந்தால் உத்தரவில் பதிவு செய்யச் சொல். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றமானால், 2014-இல் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்பு உன் கையில் இருக்கட்டும். ஏன் கைது செய்யாமல் முடியாது என்பதற்குப் போலீஸ் காரணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் நோட்டீஸ் கொடுத்தே அழைத்திருக்கலாம். கைதுக்கான காரணத்தைச் சொல்லாவிட்டால் கைதே செல்லாது என்று விஹான் குமார் வழக்கில் 2025-இல் சொல்லியாகிவிட்டது. ரிமாண்டை எதிர்த்து அன்றிரவு கையால் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கம், பிறகு டைப் அடித்துப் போடும் பத்துப் பக்க ஜாமீன் மனுவைவிடப் பெரிது என்பது என் முடிவான எண்ணம்.

இனிக் குடும்பத்தாரிடம் பேச வேண்டும். ஜாமீனுக்கு எவ்வளவு கட்டணும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நகையை அடகு வைத்துப் பணத்தை முடிந்துகொண்டு வந்திருப்பார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன் என்றால் யாரும் பத்தாயிரத்தைக் கோர்ட்டில் கட்டுவதில்லை. ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று இருவர் எழுதிக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இதைப் பொறுமையாக, இரண்டு முறையாவது சொல். இது புரியாத குடும்பத்தைத்தான் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் புரோக்கர் பிடித்துக்கொள்கிறான். ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் ஜாமீன் அவர்களுடைய உரிமை, ஸ்டேஷனிலேயே கிடைக்க வேண்டியது என்பதையும் சொல். மற்றக் குற்றங்களுக்கு நாள் குறித்து வாக்குக் கொடுக்காதே. நாளைக்கே எடுத்துடலாம் என்ற சொல் நம் தொழிலுக்கு நிறையக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. உன் பீஸ் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லி, ரசீது கொடு.

ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகுதான் பல ஏழைகள் சிறையில் தங்கிப்போகிறார்கள். ஜாமீன்தாரர் கிடைப்பதில்லை. மோத்தி ராம் என்ற கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட், அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று சொல்லி அவர் ஜாமீனை ஏற்கவில்லை. 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து எழுதிய தீர்ப்பை நீ முழுதாகப் படிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமாகிறது, அதைப் போடாமல் இருக்கலாம் என்று 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்ப் பையன் ஒருவனுக்கு இங்கே யார் ஜாமீன் நிற்பார்கள்? அவனுக்காக நீ இந்தத் தீர்ப்புகளோடு போய்ச் சொந்தப் பிணை கேட்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று வாடகை ஜாமீன்தாரர்களிடம் மட்டும் போகாதே. போலி ரேஷன் கார்டு ஒருநாள் பிடிபடும், அன்று உன் கட்சிக்காரர் மறுபடி உள்ளே போவார்.

தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையும் அப்படித்தான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது தினமும் ஒரு நாள் சம்பளம். ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு வந்தால், தளர்த்தக் கேட்டு மனுப் போட மறக்காதே. குற்றப்பத்திரிகைக்கான 60 நாள், 90 நாள் கணக்கையும் டைரியில் குறித்து வை. ரிமாண்ட் ஆன தேதியையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் தீர்ப்பாகிவிட்டது. அந்தக் கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும், அதனால் கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே மனு உள்ளே போக வேண்டும். அதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

கடைசியாக ஒன்று. உன்னிடம் வரும் எல்லோராலும் உனக்குப் பீஸ் கொடுக்க முடியாது. நீயும் எல்லா வழக்கையும் இலவசமாக நடத்த முடியாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அரசு செலவில் வக்கீல் உண்டு. உதவி எண் 15100. ஒரு கட்சிக்காரர் கையை விட்டுப் போனாலும் சரி, பணமில்லாமல் வருகிறவர்களிடம் இந்த எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்