நாமினி போட்டுவிட்டேன், போதாதா?

கேள்வி: எனக்கு 58 வயது. கணவர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் வீடு, தறியில் உட்கார்ந்து நான் சம்பாதித்து என் பெயரில் வாங்கியது. கொஞ்சம் நகையும், பேங்கில் டெபாசிட்டும் உண்டு. என்னைப் பார்த்துக்கொள்வது தங்கை மகள்தான். டெபாசிட்டுக்கு அவளையே நாமினியாகப் போட்டிருக்கிறேன். உயில் எழுதுவது சாவை நாமே கூப்பிடுவது மாதிரி என்கிறார் நாத்தனார். நாமினி போதாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காஞ்சிபுரம்

பதில்: போதாதம்மா. நாமினி என்பவர் பணத்தை பேங்கிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வாங்கிய பணத்தைச் சட்டப்படியான வாரிசுகள் கேட்டால் அவர் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்கோ நாமினியே கிடையாது.

உங்கள் வாரிசு யார்? தங்கை மகள் இல்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணுக்குக் கணவரும் பிள்ளைகளும் இல்லாவிட்டால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. பெற்ற தாய் உயிரோடிருந்தாலும் அவர்களுக்குப் பிறகுதான் அவர் முறை. தாய் தகப்பன் வழியாக வந்த சொத்து மட்டும் தகப்பனாரின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

நாராயணி தேவி என்ற பெண்ணின் வழக்கைப் பாருங்கள். மணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்தார், புகுந்த வீட்டார் விரட்டிவிட்டார்கள். பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். 1996-ல் உயில் இல்லாமல் இறந்தார். அவருடைய பணத்தைத் தாய் கேட்டார், கணவரின் சகோதரி பிள்ளைகளும் கேட்டார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளுக்கே கொடுத்தது. விரட்டிய வீட்டுக்கே போனது சம்பாத்தியம்! நியாயமா என்றால் இல்லை. ஆனால் சட்டம் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. இந்துப் பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது. உங்கள் நாத்தனாரும் இந்தச் சட்டப்படி உங்களுக்கு வாரிசாக வரக்கூடியவர் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். தமிழில் எழுதலாம். வீட்டின் சர்வே எண், கதவு எண், நான்கு எல்லை, நகை, டெபாசிட், தறி என எல்லாவற்றையும் குறிப்பிட்டு, யாருக்கு எது என்று சொல்லுங்கள். குறைந்தது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள், அவர்களும் உங்கள் முன் போட வேண்டும். உங்களைவிட வயதில் சிறியவர்களாக, சொத்து பெறாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை. என்றாலும் கணவர் வீட்டார் யாராவது தகராறு செய்வார்கள் என்று தோன்றினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் வேறு உயில் எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

"இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அதில் சொத்து உடனே கைமாறிவிடும். பிறகு அந்த வீட்டில் நீங்கள் இருப்பது அவர்கள் தயவில்தான்.

வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வீட்டுப் பத்திரத்தையும் டெபாசிட் ரசீதையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்வாருங்கள்.