ஒரே ஃபைல், பல கைகள்: பழைய பதிப்பைக் காக்க 12 குறிப்புகள்

குடியிருப்போர் சங்கக் கணக்கு, கல்யாண அழைப்புப் பட்டியல், சுய உதவிக் குழுவின் தீர்மானம் எல்லாம் இப்போது கூகுள் டிரைவில் பலர் சேர்ந்து எழுதும் ஃபைல்களாகிவிட்டன. யாராவது கைதவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம். பழைய வடிவம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஆனால் சிலவற்றுக்குக் கெடு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று நகல்களைப் பெருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்பாமல் லிங்க்கை அனுப்புங்கள். எல்லோரும் ஒரே ஃபைலில் எழுதினால்தான் மாற்றங்கள் ஒரே இடத்தில் பதிவாகும்.

2. பழையதைப் பார்க்க, கணினியில் கூகுள் டாக்ஸைத் திறந்து 'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி'க்குப் போங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் எதை மாற்றினார்கள் என்பது ஆளுக்கொரு நிறத்தில் தெரியும்.

3. முக்கியமான கட்டம் முடிந்ததும் அதே மெனுவில் 'நேம் கரன்ட் வெர்ஷன்' கொடுத்துப் பெயர் வையுங்கள். 'பொதுக்குழு ஒப்புதல் பெற்றது' என்பதுபோல நடந்ததைச் சொல்லும் பெயர் நல்லது. டாக்ஸில் 40 பெயர்கள், ஷீட்ஸில் 15 பெயர்கள் வரைதான் வைக்கலாம். ஆகவே தினமும் வைக்காமல், பிறகு தேடி வரக்கூடிய நாட்களுக்கு மட்டும் வையுங்கள்.

4. கணக்கில் ஒரே ஒரு தொகை மட்டும் இடிக்கிறதா? ஷீட்ஸில் அந்தக் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பாருங்கள். முன்பு என்ன எண் இருந்தது, யார் மாற்றினார்கள் என்பது வந்துவிடும்.

5. 'ரீஸ்டோர்' அழுத்தினால் பழைய பதிப்பு புதிதாக மேலே வந்து உட்காரும். இடையில் உள்ளவை வரலாற்றில் அப்படியே இருக்கும். ஆனாலும் அந்த இடைவெளியில் மற்றவர்கள் சேர்த்த நல்ல திருத்தங்கள் நடப்பு ஃபைலில் இருக்காது. ஒரு பத்தி மட்டும் தேவையென்றால் பழைய பதிப்பிலிருந்து அதை நகலெடுத்து ஒட்டுங்கள். முழுவதையும் மீட்பதானால் குழுவில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

6. டிரைவில் ஏற்றிய வேர்ட், பிடிஎஃப், படங்களுக்கு விதி வேறு. புதிய பதிப்பு ஏறியபின் பழையது 30 நாள் கழித்தோ, 100 பதிப்புகள் சேர்ந்த பிறகோ நீக்கப்படலாம். வேண்டியதற்கு 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' பகுதியில் 'கீப் ஃபாரெவர்' குறியிடுங்கள். அது உங்கள் சேமிப்பிடத்தைப் பிடிக்கும். இலவசக் கணக்கில் ஜிமெயில், ஃபோட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான்.

7. திருத்திய பிடிஎஃபைத் தனி ஃபைலாக ஏற்றாமல், அதே 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' வழியாகப் புதிய பதிப்பாக ஏற்றுங்கள். ஏற்கெனவே அனுப்பிய லிங்க் மாறாது; திறப்பவர்களுக்குப் புதியதே வரும்.

8. எல்லோருக்கும் 'எடிட்டர்' உரிமை வேண்டியதில்லை. கருத்துச் சொல்பவருக்கு 'கமென்டர்', படிப்பவருக்கு 'வியூவர்' போதும். தவறான அழிப்புகளில் பாதி இங்கேயே நின்றுவிடும். பழைய பதிப்புகளைப் பார்க்கவும் எடிட்டர் உரிமை வேண்டும் என்பதால், செயலாளர், பொருளாளர் இருவருக்காவது அது இருக்கட்டும்.

9. ஃபைலில் அழித்த வங்கிக் கணக்கு எண்ணும் சம்பள விவரமும் பழைய பதிப்பில் இருந்துகொண்டேயிருக்கும். வெளியாளுக்கு எடிட்டர் உரிமை தருமுன் 'மேக் எ காப்பி' போட்டு அந்த நகலைக் கொடுங்கள். நகலுக்குப் பழைய வரலாறு வராது.

10. ஃபைலையே நீக்கிவிட்டால் 'டிராஷ்' பகுதியில் 30 நாள் இருக்கும். அதற்குள் மீட்காவிட்டால் அதன் பதிப்புகளும் சேர்ந்தே போய்விடும். பழைய பொறுப்பாளர் தெரியாமல் நீக்கிவிடாதபடி, பதவி மாறும்போது ஃபைலின் உரிமையாளர் யார் என்று பார்த்து, புதிய பொறுப்பாளருக்கு மாற்றிவிடுங்கள்.

11. அலுவலகத்தில் கூகுள் டிரைவுக்குப் பதில் ஷேர்பாயின்ட் உள்ளதா? 'செக் அவுட்' செய்தால் நீங்கள் எழுதி முடிக்கும்வரை வேறு யாரும் கைவைக்க முடியாது. முடித்ததும் என்ன மாற்றினீர்கள் என ஒரு வரி எழுதி 'செக் இன்' செய்யுங்கள். அதை மறந்துவிட்டு விடுப்பில் போனால், உங்கள் திருத்தம் பிறர் கண்ணில் படாது. அவர்களாலும் எழுத முடியாது. சொந்தக் கணக்கில் ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள், அதில் கடைசி 25 பதிப்புகள்தான் கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

12. வரலாறு இருக்கிறது என்று காப்பு நகல் எடுக்காமல் விடாதீர்கள். கூகுள் கணக்கே முடங்கினால் ஃபைலும் அதன் வரலாறும் கைக்கு வராது. நிதியாண்டு முடிந்ததும் ஒப்புதல் பெற்ற கணக்கைப் பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவிலும் வையுங்கள். பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் '2025-03-31' என்று எழுதினால், ஃபோல்டரில் ஃபைல்கள் தேதி வரிசையிலேயே நிற்கும்; தணிக்கையாளர் கேட்டதும் எடுத்துக் கொடுக்கலாம்.