வந்தவர்மேல் தாவும் சிறு நாயைத் திருத்தும் முறை

குடியானவர் வீடுகளில் நாய் வளர்ப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். களத்தில் குவித்த தானியத்தையும், பட்டியில் அடைத்த ஆடுகளையும், கூட்டிலுள்ள கோழிகளையும் இராக்காலத்தில் காவல் புரிவது அப்பிராணியே. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய பெரிய ஜாதி நாய்களை வளர்ப்போர், அவற்றின் பலத்தை அறிந்து ஜாக்கிரதையாக இருப்பர். முழங்கால் உயரமே வளரும் சிறு நாயின் விஷயத்தில் அத்தகைய கவனம் காணப்படுவதில்லை. அது வாசலுக்கு வருவோர்மேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்துத் தாவுமாயின், "குட்டிதானே, கடிக்காது" என்று வீட்டார் நகைத்து விட்டுவிடுகின்றனர். இவ்வழக்கம் அற்பமானதன்று. இதனால் விளையும் தீங்குகளும், இதனைத் திருத்தும் முறையும் இங்கே கூறப்படுகின்றன.

தீங்குகள்

முதலாவது, நாய் தாவும்போது நகம் பட்டுத் தோல் கீறுவதுண்டு. இரத்தம் வராத சிறு கீறலாயினும் அதனை அலட்சியம் செய்யலாகாது. வெறிநோய் கண்ட நாயின் உமிழ்நீர் கீறலில் படுமாயின் அந்நோய் மனிதரைப் பற்றக்கூடும்; அதன் குறிகள் வெளிப்பட்ட பின்னர் பிழைப்பது மிக அரிது. ஆகையால் நாய் நகத்தால் கீறப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, பல தவணைகளில் தடுப்பூசி போட்டுக்கொள்ள நேரிடும். நடவிலோ அறுப்பிலோ கூலிக்கு வந்த ஒருவர் இங்ஙனம் அலைந்தால், அவருக்கு வேலையும் கூலியும் நஷ்டமாகின்றன.

இரண்டாவது, முதியோர் சிறு தாவலுக்கும் நிலை தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியக்கூடும். குழந்தையின் முகமோ நாயின் நகத்திற்கு எட்டும் உயரத்திலேயே உள்ளது.

மூன்றாவது, தபால்காரர், கிராம நிர்வாக அலுவலர், கால்நடை மருத்துவர் முதலியோர் காரியமாக வீட்டிற்கு வருகின்றனர். வாசற்படியிலேயே நாய்க்கு அஞ்சி நிற்பவர், அடுத்த முறை வரத் தயங்குவர்.

தாவுவதன் காரணம்

குட்டிகள் தாயின் வாயை நக்கி இரை கேட்பது நாய்க்குலத்தின் சுபாவம். மனிதனின் முகம் உயரத்தில் இருப்பதால், அதனை எட்டும் பொருட்டு நாய் தாவுகின்றது. ஆகவே பெரும்பாலும் இது பகையன்று, உபசாரமே.

சுபாவமாகத் தொடங்கிய இச்செயல் வழக்கமாக உறைவதற்கு வீட்டாரே காரணமாகின்றனர். அமெரிக்க மனோதத்துவ அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் என்பவர் பூனைகளைக் கூண்டிலிட்டுச் செய்த பரீட்சைகளை 1898-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நற்பலன் தந்த செயலைப் பிராணி மீண்டும் செய்யும் என்பதும், பலன் தராத செயலை நாளடைவில் கைவிடும் என்பதும் அவற்றால் விளங்கின. தாவிய நாய்க்குக் கிடைக்கும் பலன் யாது? ஒருவர் தட்டிக்கொடுக்கிறார், ஒருவர் கையால் தள்ளுகிறார், ஒருவர் அதட்டுகிறார். மூன்றும் நாய்க்கு ஒன்றே. எல்லோரும் தன்னைப் பார்த்தனர், தன்னிடம் பேசினர், தன்னைத் தொட்டனர் என்பதே அது கொள்ளும் பொருள். தள்ளுவதை விளையாட்டென்றும் அது எண்ணும். எனவே திருத்தும் வழி இரண்டு கூறுகளை உடையது: தாவினால் ஒரு பலனும் கிடைக்கலாகாது, நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது பலன் உடனே கிடைக்க வேண்டும்.

பழக்கும் முறை

1. வீட்டார் அனைவரும் முதலில் ஒன்றுகூடி உடன்பட வேண்டும். "உட்கார்" என்ற ஒரே சொல்லை யாவரும் வழங்குக. தகப்பனார் தடுப்பதைப் பிள்ளைகள் விளையாட்டாக அனுமதித்தால் முயற்சி வீணாகும்.

2. வேகவைத்த முட்டையின் சிறு துண்டு ஒன்றை நாயின் மூக்கருகே பிடித்து, மெதுவாகத் தலைக்குமேல் பின்னோக்கி நகர்த்துக. தலை உயர்ந்ததும் பின்புறம் தானே தாழும். அமர்ந்த அக்கணமே துண்டைக் கொடுத்து, "உட்கார்" என்று சொல்லுக. சில நாட்களில் சொல்லை முன்னரும் துண்டைப் பின்னரும் வழங்கலாம். உணவு வேளைக்கு முன், ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷமாக, நாளொன்றுக்கு மூன்று தடவை பழக்கினால் போதும். வெங்காயமும் உலர்ந்த திராட்சையும் நாய்க்கு நஞ்சாதலால் அவற்றைக் கொடுக்கலாகாது.

3. பின்னர் வீட்டாருள் ஒருவர் வெளியே சென்று வாசல் வழியாக வரவேண்டும். நாய் தாவினால் கைகளைக் கட்டிக்கொண்டு, பேசாமலும் அதனைப் பாராமலும் முதுகைத் திருப்பி நிற்க. கால்கள் தரையில் பட்டவுடன் திரும்பிக் குனிந்து, துண்டைத் தரையருகே கொடுக்க. சிறு நாய்க்கு இது மிக முக்கியம். கை உயரத்தில் இருந்தால் அதனை எட்டவே மீண்டும் தாவும். பரிசு தாமதித்தால், எச்செயலுக்காகக் கிடைத்தது என்பதை நாய் அறியமாட்டாது.

4. இது படிந்த பின், நாயைத் திண்ணைத் தூணில் தளர்ந்த கயிற்றால் கட்டி, அயலார் ஒருவரை மெல்ல நடந்து வரச் சொல்லுக. நாய் எழும்பினால் அவர் நின்று ஓரடி பின்வாங்க வேண்டும்; அமர்ந்தால் ஓரடி முன்வர வேண்டும். எழும்பினால் மனிதர் விலகுவர், அமர்ந்தால் அருகில் வருவர் என்பதை நாய் இதனால் கற்றுக்கொள்ளும்.

5. இவ்வாறே தலைப்பாகை கட்டியவர், குடை பிடித்தவர், கோலூன்றி வருபவர், சைக்கிளில் வருபவர் எனப் பலரையும் கொண்டு பழக்குக. ஒருவரிடம் கற்ற அடக்கத்தை எல்லோரிடமும் காட்டும் என்று எதிர்பார்த்தல் தவறு.

6. பழக்கம் முற்றுப்பெறும் வரை, உண்மையில் விருந்தினர் வரும்போது நாயைக் கட்டி வைத்து, அதன் பரபரப்பு அடங்கிய பின்னரே அவிழ்க்க வேண்டும். வருபவரிடம், "தாவினால் தொடாதீர்கள், அமர்ந்த பின் தடவுங்கள்" என்று முன்னரே கூறுவது நலம்.

நடுவில் வரும் தடை

பலன் நின்ற சில நாட்களில் நாய் முன்னைவிட அதிகமாகத் தாவும், குரைக்கவும் செய்யும். வழக்கமாகக் கிடைத்த ஒன்று கிடைக்காதபோது அதனை இன்னும் வலிந்து கேட்பது பிராணிகளின் இயல்பு. இந்நிலையில் பலர் முறை பயன்படவில்லை என்று கைவிடுகின்றனர். அச்சமயம் ஒருமுறை இணங்கினாலும், பலமாகத் தாவினால்தான் காரியமாகும் என்பதையே நாய் கற்கும். எப்போதோ ஒருமுறை கிடைக்கும் பலன், எப்போதும் கிடைப்பதைவிட வழக்கத்தை உறுதியாக வேரூன்றச் செய்யும். சில வாரங்கள் தவறாது நடத்தினால் தாவுதல் குறைந்துவரும். புதுக் காளையை ஏருக்குப் பழக்கியவர்க்கு இப்பொறுமை புதிதன்று.

செய்யத் தகாதன

தாவும் நாயின் மார்பில் முழங்காலால் இடித்தல், பின்னங்காலை மிதித்தல், காதைத் திருகுதல், கோலால் அடித்தல் ஆகியவற்றைச் சிலர் உபாயமாகக் கூறுவர். சிறு நாயின் எலும்பு மெல்லியது, எளிதில் முறியும். மேலும் விருந்தினர் வருந்தோறும் அடிபட்ட நாய், விருந்தினரையே வேதனைக்குக் காரணமாகக் கருதும். உபசாரமாகத் தாவிய பிராணி அச்சத்தால் கடிக்கத் தொடங்குவது இவ்விதமே. பிராணிகளை அடித்து வீண் வேதனை செய்வதும், நியாயமற்ற குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

துணை ஏற்பாடுகள்

நாள்தோறும் வயல் வரப்பில் உலாவிய நாய் வாசலில் அடங்கி நிற்கும். எந்நேரமும் கட்டுண்ட நாய் பரபரக்கும். மெதுமண்ணில் நடக்கும் நாயின் நகம் தேயாது நீளுமாதலால், அவ்வப்போது நுனியை மட்டும் வெட்டிவிடுக. நகத்தினுள் இரத்தக்குழாய் உண்டு, ஆழமாக வெட்டலாகாது.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் காலத்தில் தவறாது மீண்டும் போட வேண்டும். ஊசி போட்ட அட்டையைப் பட்டா, ரசீது முதலியவற்றோடு பத்திரப்படுத்துக.

கீறல் பட்டால்

பட்ட இடத்தைச் சோப்பினாலும் ஓடும் நீராலும் பதினைந்து நிமிஷம் கழுவுக. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, எண்ணெய் எதுவும் தடவலாகாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டில் முதன்முதல் மனிதருக்குக் கையாண்ட இச்சிகிச்சைக்கென, தென்னாட்டில் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் நெடுந்தூரம் பிரயாணம் செய்து பெற வேண்டியிருந்த சிகிச்சை, இன்று அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கின்றது. மந்திரிப்பதிலும் பச்சிலையிலும் நாளைக் கடத்துவது உயிருக்கு ஆபத்தாகும்.

கிராம அதிகாரிகள் தம் ஊரில் நாய் வளர்ப்போருக்குத் தடுப்பூசியைப் பற்றி எடுத்துக் கூறும்போது, இப்பழக்கும் முறையையும் உடன் விளக்குவாராக. இதற்குச் செலவு தினம் அரை முட்டையும் கால் மணி நேரமுமே. பிள்ளைகள் இதனை ஆவலுடன் கற்பர்; ஆகவே வீட்டில் இப்பயிற்சியை நடத்தும் பொறுப்பை, பெரியவர் மேற்பார்வையில், அவர்களிடமே ஒப்படைக்கலாம்.