முதல் காத்த ஊர்

தொண்டை நாட்டில் ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறுகள் இல்லை. ஆதலின், மழைக்காலத்துப் பெய்யும் நீரைக் கரைகட்டித் தேக்கி, அதனைக் கோடை வரையில் அளந்து செலவிடும் கலையை அந்நாட்டு மக்கள் தொன்றுதொட்டே பயின்று வந்தனர். பெரிய நீர்நிலையை ஏரி என்றும், சிறியதைத் தாங்கல் என்றும் அவர்கள் வழங்கினர். செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் வட்டத்தில், அத்தகைய தாங்கலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிற்றூர் ஒன்று உளது. அதுவே வேடந்தாங்கல். வேடர்க்கு உரிய தாங்கல் என்று அப்பெயர்க்குப் பொருள் கூறுவர். வேட்டையின் பெயரைச் சுமந்த ஊர், வேட்டையைத் தடுத்தமையாலேயே உலகப் புகழ் பெற்றது வியப்பன்றோ?

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரியில் நீர் ஏறியதும், ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பறவைகள் கூட்டங் கூட்டமாக வந்து சேரும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா எனப் பல இனத்துப் பறவைகள் நீரில் மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டி முட்டையிடும். விடியலில் இரை தேடிப் புறப்பட்டுச் சுற்றுவட்டத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும் பரந்து மேயும். பின்பு குஞ்சுகளுக்கு ஊட்ட மீனும் நத்தையும் கொண்டு திரும்பும். மாலையில் அவை ஏரிக்கு மீளும் காட்சி காண்பார் கண்ணைவிட்டு அகலாதது. ஆயின், அவ்வூர் உழவர் அப்பறவைகளை அழகுக்காக மட்டும் போற்றவில்லை. அவர்கள் கணக்கு அறிந்தவர்கள்.

மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் ஏரி நீரில் வீழ்கின்றது. பயிர்க்கு இன்றியமையாத தழைச்சத்தும் மணிச்சத்தும் அவ்வெச்சத்தில் உள்ளன. நீர் மதகின் வழியே வயலுக்குப் பாயும்போது, எருவும் உடன் பாய்கின்றது. பல கல் தொலைவில் மேய்ந்த பயனை ஒரே ஏரியிற் கொண்டுவந்து சேர்க்கும் இப்பறவைகளுக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. வண்டியும் மாடும் வேண்டுவதில்லை. பிற ஊரார் விலை கொடுத்து வாங்கி இடும் எருவின் ஒரு பகுதியை வேடந்தாங்கல் உழவர் ஏரி நீரிலேயே பெற்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி இப்பகுதியில் வேரூன்றியிருந்தது. படைவீரர் சிலர் பொழுதுபோக்காக இவ்வேரிக்கு வந்து பறவைகளைச் சுடலாயினர். ஊர் மக்கள் செய்வதறியாது நிற்கவில்லை. அக்காலத்துச் செங்கற்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசு என்பாரிடம் சென்று முறையிட்டனர். 1790களில் அவரிடமிருந்து பறவைகளைச் சுடலாகாது என்னும் கவுல், அஃதாவது எழுத்து வடிவிலான உறுதிமொழி, ஒன்றைப் பெற்றனர். படைபலம் உடையாரை எதிர்த்து ஓர் ஏழைச் சிற்றூர் இவ்வாறு வழக்குரைத்தது எளிய செயல் அன்று. பின்னர் 1858ஆம் ஆண்டில் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936ஆம் ஆண்டில் அவ்விடம் பறவைகள் காப்பிடமாக முறைப்படி ஏற்கப்பட்டது.

அவ்வூரார் வேறுவகையாகவும் எண்ணியிருக்கலாம். சுடுபவர்க்கு வழிகாட்டிச் சில காசு பெற்றிருக்கலாம். முட்டைகளை எடுத்துச் சந்தையில் விற்றிருக்கலாம். மரங்களை வெட்டி விறகாக்கியிருக்கலாம். அவ்வாண்டில் கையிற் பணம் புழங்கியிருக்கும். அடுத்த ஆண்டில் கூடு இராது, எச்சம் இராது, எருவும் இராது. மரமும் பறவையும் முதல். நீரோடு வரும் எரு அம்முதலின் பலன். பலனை ஆண்டுதோறும் உண்டு, முதலைத் தொடாது விட்டனர் என்பதே அவர்தம் செயலின் உட்பொருள். வணிகர் பேரேட்டில் எழுதும் கணக்கை இவ்வுழவர் எழுதாமலே அறிந்திருந்தனர்.

உழவர் குடியில் இவ்வறிவு புதியதன்று. வைக்கோற் புரியாற் கட்டி, சாணம் மெழுகி வைத்த விதைக்கோட்டையை எத்துணைப் பசி வரினும் பிரிக்கலாகாது என்பது பழங்காலக் குடும்பத்து ஒழுங்கு. விதைநெல்லை உண்ட வீடு அடுத்த பருவத்தில் கடன்பட்டே தீரும். கடன்பட்டால் வருவது யாது? இதனையும் செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாறே காட்டும்.

உழவனுக்கு வருவாய் ஆண்டில் ஓரிரு முறையே கிட்டும். செலவோ நாள்தோறும் வரும். விதைப்புக் காலத்தில் பணம் வேண்டிக் கடன் கொடுப்பாரை அவன் நாடுவான். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்பது செவிக்குச் சிறிதாகத் தோன்றும். வட்டியைக் கட்டாது விட்டு, அது முதலோடு சேர்ந்து தானும் வட்டி ஈனுமாயின், 1,000 ரூபாய்க் கடன் இரண்டே ஆண்டுகளில் 2,000 ரூபாயைக் கடந்துவிடும். ஒருவன் அதே 1,000 ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு ரூபாய் வட்டிக்குச் சேமித்து வைத்தான் எனக் கொள்வோம். வட்டியை எடுக்காது விட்டால், அது பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 1,967 ரூபாயாகும். இருபது ஆண்டுகளில் 3,870 ரூபாயாகும். முப்பது ஆண்டுகளில் 7,600 ரூபாயைத் தாண்டும். சேமிப்பவனுக்குப் பத்து ஆண்டுகளில் நன்மை செய்யும் அதே கூட்டுவட்டி, கடன்பட்டவனுக்கு இரண்டே ஆண்டுகளில் தீமை செய்துவிடுகின்றது. மாணவர் இக்கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று. பிறர் சொல்லக் கேட்பதைவிடத் தம் கையாற் கண்ட விடை மறவாது.

உழவரின் கடன்துயரைக் கண்ட சென்னை மாகாண அரசு, பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அலுவலரை ஐரோப்பாவிற் செயற்பட்ட வேளாண் வங்கிகளின் முறையை ஆராயுமாறு பணித்தது. செருமனி நாட்டில் ரைபைசன் என்னும் பெருந்தகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிற்றூர்தோறும் கடன் சங்கங்களை வளர்த்திருந்தார். ஊரார் தம் சிறு சேமிப்பை ஒன்றுகூட்டி, தம்முள் வேண்டுவோர்க்குக் குறைந்த வட்டியிற் கடன் கொடுப்பதும், ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்பதும் அச்சங்கங்களின் முறை. அம்முறையே நம் நாட்டிற்கும் ஏற்றது என்று நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் அறிக்கையில் வற்புறுத்தினார். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே திரூரில் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு பெற்றது. இந்தியக் கூட்டுறவு வரலாற்றில் முன்னோடிகளாகப் போற்றப்பெறும் இவ்விரண்டும் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அமைந்தவை. திரூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உளது.

அச்சங்கத்தில் பத்து ரூபாய் இட்ட ஒருவனுக்கு வட்டி எங்கிருந்து வந்தது? அவன் அண்டை வயலிலிருந்து வந்தது. அப்பணத்தைக் கடனாகப் பெற்றவன் விதை வாங்கினான், விளைத்தான், விற்றான், வட்டியோடு திருப்பினான். விளைச்சலைப் பணம் இட்டவன் கண்ணாற் கண்டான். கடன்பட்டவன் உழைப்பாளியா, சோம்பேறியா என்பதையும் ஊரார் அறிவர். சங்கங்கள் யாவும் செம்மையாகவே நடந்தன என்று கூறுவதற்கில்லை. பொறுப்பாளர் தவறிய இடங்களில் அவை நலிந்தும் போயின. எனினும், பலன் பிறக்கும் இடம் அங்கு மறைபொருளாக இருக்கவில்லை. மகளிர் தன்னுதவிக் குழுக்கள் இன்றும் இவ்வடிப்படையிலேயே இயங்குகின்றன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடிச் சிறு தொகை சேர்த்து, தம்முள் ஒருத்திக்குக் கறவை மாடு வாங்கக் கடன் ஈவர். அம்மாடு பால் கறப்பதை அனைவரும் காண்பர்.

பறவைகளால் வாழ்ந்த ஊரைக் கண்டோம். பறவைகளை நம்பிப் பொருளை இழந்த வரலாறும் தமிழ்நாட்டில் உண்டு. ஈமு என்பது ஆத்திரேலியா நாட்டுப் பறவை, ஆளுயரம் வளரும், பறக்க இயலாதது. ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையை நடுவாகக் கொண்டு சில நிறுவனங்கள், பணம் கட்டுவோர்க்கு ஈமுக் குஞ்சுகளை வழங்கி, அவற்றை வளர்த்தால் மாதந்தோறும் பெருந்தொகை தருவதாக விளம்பரம் செய்தன. இறைச்சியும் எண்ணெயும் இறகும் விலைபோகும் என்றன. தொடக்கத்திற் பணம் முறையாக வந்தது. வந்ததைக் கண்ட அண்டை வீட்டாரும், ஓய்வூதியம் பெற்ற முதியோரும், நிலத்தை அடகு வைத்த உழவரும் மேலும் மேலும் பணம் கட்டினர்.

ஆயினும் அவ்விறைச்சியை விரும்பி உண்பார் யார்? அவ்வெண்ணெயை வாங்குவார் எங்குளர்? கேட்டவர் சிலரே. முன்னர்க் கட்டியவர்க்கு அளிக்கப்பெற்ற தொகை பறவையால் விளைந்ததன்று. பின்னர்க் கட்டியவரின் முதலே பலன் என்னும் பெயரால் அவர் கைக்கு வந்தது. புதியோர் வரவு குறைந்த 2012ஆம் ஆண்டில் எல்லாம் சரிந்தது. பணம் கட்டியோர் தெருவிற் கூடினர். தீனியின்றி வாடிய பறவைகளைக் காக்க அரசுக் கால்நடைத் துறையினர் செல்ல நேர்ந்தது. முதலீட்டாளரின் நலங்காக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டிருந்தது. சட்டம் வழக்குத் தொடுக்க உதவும். கரைந்த முதலை முழுதும் மீட்டுத் தருதல் அதற்கு அரிது.

நத்தைகுத்தி நாரை எவர்க்கும் வாக்களிக்கவில்லை. அதன் பலன் சிறியது. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. மரத்திலிருந்து நீருக்கும், நீரிலிருந்து வயலுக்கும் அப்பலன் செல்லும் வழியை மட்டும் ஊர்ச் சிறுவனும் காட்டுவான். ஈமுவின் பலன் பெரியது. மாதந் தவறாதது என்று சொல்லப்பட்டது. அது வரும் வழியைக் கேட்டால் விடை சொல்வார் இல்லை.

இக்காலத்தில் முதலைக் கரைக்கும் வழிகள் இன்னும் நுண்ணியவாய் வந்துள்ளன. மடியிலுள்ள பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது கை சற்றே தயங்கும். 2016ஆம் ஆண்டு முதலாகக் கைப்பேசியால் உடனுக்குடன் பணம் செலுத்தும் முறை பரவியபின், அத்தயக்கம் பெரும்பாலும் மறைந்தது. முறை நன்று; தேநீர்க் கடைக்காரர்க்கும் கீரை விற்கும் மூதாட்டிக்கும் அது சில்லறைத் தொல்லையைத் தீர்த்தது. செலவு கண்ணுக்குத் தெரியாமற் போனதே குறை.

தவணை முறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ரொக்கமாக 18,000 ரூபாய்க்குக் கிடைக்கும் கைப்பேசியை, மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்துத் தவணைகளில் பெறலாம் என்கிறான் கடைக்காரன். மிகுதி 2,000 ரூபாயே. நூற்றுக்குப் பதினொரு ரூபாய் என்று வாங்குபவன் எண்ணுவான். அவன் மாதந்தோறும் கடனைத் திருப்பிக்கொண்டே வருகின்றான் அல்லனோ? முழுத்தொகையும் அவன் கையில் முதல் மாதம் மட்டுமே இருந்தது. முறைப்படி கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்துமூன்று ரூபாய்க்கு மேல் ஆகும். வட்டியே இல்லை என்று விளம்பரம் செய்யும் தவணைகளிலும், ரொக்கத்திற்கு உரிய தள்ளுபடி மறுக்கப்படுதலும், நடைமுறைக் கட்டணம் என்று ஒரு தொகை கொள்ளப்படுதலும் உண்டு. உழவன் ஏர்மாடு வாங்கவும், தையற்காரி தையல் எந்திரம் வாங்கவும் பெறும் தவணைக்கடன் வேறு. அம்மாடும் எந்திரமும் தம் கடனைத் தாமே உழைத்து அடைக்கும். பழைய கைப்பேசி நன்கு இயங்கும்போது, தோழன் கையிற் புதியது கண்டு வாங்குவது வேறு.

வேடந்தாங்கல் மக்களுக்கும் சோதனைகள் வாராமலில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டு, பறவைகள் வாராது போனதுண்டு. மரங்கள் அப்போதும் நின்றன. 2020ஆம் ஆண்டில், காப்பிடத்தைச் சூழ்ந்த ஐந்து கிலோமீட்டர்ப் பகுதியின் எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு ஒன்று எழுந்தபோது, எதிர்ப்புக் குரல்கள் வலுவாக எழுந்தன. 2022ஆம் ஆண்டில் அவ்வேரி ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

தீபாவளித் திருநாள் பறவைகள் வரத் தொடங்கும் காலத்தை ஒட்டியே வருகின்றது. அந்நாளில் நாடெங்கும் வெடியோசை எழும். வேடந்தாங்கலில் விளக்கு எரியும், பலகாரம் உண்டு, புத்தாடை உண்டு, வெடி மட்டும் இல்லை. வெடி கேட்டு அழும் சிறுவனை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, நீர்க்கடம்பு மரத்தில் கூடு கட்டச் சுள்ளி சுமந்து வரும் நாரையைத் தாயர் காட்டுகின்றனர்.