மூணு நிமிஷத்தில் புலி, முப்பது நிமிஷத்தில் ஆடு



இந்தப் பாடத்தைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு செஸ் பலகை இருந்தால் நல்லது. இல்லாதவங்க ரஃப் நோட்டில் 64 கட்டம் போட்டு, துண்டுப் பேப்பரில் காய்களின் பேரை எழுதி வச்சுக்கோங்க. அதுவே போதும்.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரையைச் சுவரெல்லாம் பார்த்தோமே, அதிலிருந்து ஊரெல்லாம் செஸ்தான். வீட்டில் அப்பா போனோ அம்மா போனோ கைக்குக் கிடைச்சா ஆன்லைனிலும் ஆடுறோம். அங்கே இப்போ எல்லார் வாயிலும் இருக்கிற பேர் ‘ஸ்டாஃபோர்ட் கேம்பிட்’. “எட்டு மூவில் மேட், எதிரி அழுதுடுவான்” என்று ஒரு கூட்டம். “அதெல்லாம் டுபாக்கூர், பெரிய ஆளுகிட்ட செல்லாது” என்று இன்னொரு கூட்டம். இன்டர்வெல் மணி அடிச்சும் இந்தச் சண்டை முடியுறதில்லை. குறுவட்டப் போட்டிக்கு டீம் எடுக்கிற நேரம் இது. அங்கே இதை ஆடலாமா கூடாதா என்று வாயால் பேசுறதைவிட பலகையில் வச்சுப் பார்த்துடுவோம்.

முதலில் கேம்பிட் என்றால் என்ன? இத்தாலி மொழியில் காலைத் தட்டிவிடுவதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே ஒரு காயை வேணும்னே கொடுத்து, எதிரி அதை எடுக்கிற நேரத்தில் நாம் பாயுறது. இது நமக்குப் புதுசு இல்லை. கோயில் திண்ணைக் கல்லில் கோடு கிழிச்சு ஆடுற ஆடு புலி ஆட்டம் தெரியும்தானே? 3 புலி, 15 ஆடு. ஒரு ஆட்டைத் தின்னக் கொடுத்து, அந்தப் புலி தாண்டிப்போய் உட்கார்ந்த இடத்திலேயே அதை அடைச்சுப் போடுவாங்க. அதுவும் கேம்பிட்தான். ஆனால் கணக்கில்லாமல் ஆட்டைக் கொடுத்துக்கிட்டே போனால் புலிக்கு வயிறு ரொம்பும், அவ்வளவுதான்.

இப்போ பலகைக்கு வருவோம். வெள்ளைக்காரர் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று எட்டு வரிசை. கீழிருந்து மேலே 1 முதல் 8. பிஷப்பை நம்ம பக்கம் மந்திரின்னும் சொல்றோம், நான் பிஷப் என்றே எழுதுறேன்.

வெள்ளை சிப்பாயை இ4, கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை எஃப்6. இதுவரைக்கும் இது பெட்ரோவ் தற்காப்பு என்ற மிகப் பழைய, நல்ல ஆட்டம். மூணாவதாக வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுது. இங்கே ஒழுங்கா ஆடுறவங்க டி6 வச்சு குதிரையை விரட்டுவாங்க. ஸ்டாஃபோர்ட் ஆடுறவங்க இன்னொரு குதிரையை சி6-இல் வைப்பாங்க. வெள்ளை அதை வெட்டும், கறுப்பு டி சிப்பாயால் திருப்பி வெட்டும். கணக்குப் போடுங்க. குதிரைக்குக் குதிரை சரியாப் போச்சு. கறுப்புக்கு ஒரு சிப்பாய் நஷ்டம். பதிலுக்குக் கிடைச்சது என்ன? இரண்டு பிஷப்புக்கும் வழி திறந்தது. ராணிக்கு டி வரிசை திறந்தது. அவ்வளவே.

அந்த அவ்வளவே எப்படிக் கடிக்குதுன்னு பாருங்க. அஞ்சாவது, வெள்ளை டி3 (ரொம்ப சாதாரணமான மூவ்). கறுப்பு பிஷப் சி5. ஆறாவது, வெள்ளை பிஷப் ஜி5. குதிரையை அசைச்சால் பின்னாடி ராணி போயிடும், அதனால் குதிரை கட்டிப்போட்ட மாதிரின்னு வெள்ளை நினைக்கும். அப்போ கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டும்! ராணி அப்படியே கிடக்கு. ஏழாவது, வெள்ளை ஆசையா ராணியை வெட்டும். கறுப்பு பிஷப் எஃப்2 சிப்பாயை வெட்டிச் செக். எட்டாவது, ராஜாவுக்குப் போக ஒரே இடம், இ2. கறுப்பின் அடுத்த பிஷப் ஜி4. செக்மேட்!

நம்பலைன்னா ராஜா தப்பிக்க ஒவ்வொரு கட்டமாத் தேடுங்க. டி2-வையும் எஃப்2-வையும் இ4 குதிரை பிடிச்சிருக்கு. இ1, இ3 இரண்டையும் எஃப்2 பிஷப் பார்க்குது. எஃப்3-ஐ ஜி4 பிஷப் பார்க்குது. டி1-லும் எஃப்1-லும் டி3-லும் சொந்தக் காய்களே வழியை அடைச்சு நிக்குது. ராணியையே கொடுத்துட்டு மூணு சின்னக் காயால் மேட்! ராணியைத் தொடாமல் ஏழாவதில் டி சிப்பாயால் குதிரையை வெட்டினாலும் தப்பில்லை என்று நினைக்காதீங்க. அதே பிஷப் எஃப்2-இல் செக் கொடுக்கும், ராஜா அதை வெட்டினால் திறந்து கிடக்கிற டி வரிசையில் கறுப்பு ராணி போய் வெள்ளை ராணியை எடுத்துடும். ஆக, பிஷப் ஜி5 வச்ச நிமிஷமே வெள்ளை மாட்டிக்கிச்சு.

முதல் தடவை இதைப் பலகையில் வச்சுப் பார்த்தவங்க யாரும் சும்மா இருக்க முடியாது, உடனே ஆடணும்னு கை துறுதுறுங்கும். அமெரிக்காவைச் சேர்ந்த இன்டர்நேஷனல் மாஸ்டர் எரிக் ரோசன் 2020 வாக்கில் தன் வீடியோக்களில் இதைத் திரும்பத் திரும்ப ஆடிக் காட்டினார். லாக்டவுனில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து ஆன்லைன் செஸ் ஆடிய காலம். அப்போ பரவியதுதான் இன்று நம்ம கம்பம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

சரி, டுபாக்கூர் கட்சி சொல்றதையும் பார்க்கணும். இதற்குப் பதில் இருக்கா? இருக்கு. அதுவும் ஒரு சின்னச் சிப்பாய் நகர்வு. அஞ்சாவதில் டி3-க்குப் பதிலா எஃப்3 வைங்க. கறுப்புக் குதிரை பாய நினைக்கிற இரண்டு கட்டம் இ4, ஜி4. அந்த ஒரு சிப்பாய் இரண்டையும் பூட்டிடுது. பிறகு சி3, அடுத்து டி4 வச்சால் சி5 பிஷப்பின் முகத்துக்கு நேரே சுவர் எழும்பிடும். எஃப்3 வச்சதால் ஹெச்4-இல் இருந்து நம்ம ராஜா வரைக்கும் கோணலா ஒரு வழி திறந்திருக்கும், கறுப்பு ராணி அங்கே செக் கொடுக்குதான்னு மட்டும் ஒவ்வொரு மூவுக்கும் பார்த்துக்கணும். அதைத் தாண்டிட்டால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், நடுப்பலகையும் கையில். கறுப்பின் நிலைமை கல்தூண் ஊனாமல் போட்ட திராட்சைப் பந்தல் மாதிரிதான். கொடி படர்ந்திருக்கும், பார்க்க அழகா இருக்கும், கீழே தாங்க ஒண்ணும் இருக்காது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாலும் வெள்ளைதான் தெளிவா மேலே என்று காட்டும்.

பதில் இவ்வளவு சுலபம் என்றால் ஆன்லைனில் ஏன் தினமும் ஜெயிக்குது? இதுக்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம், நாமே போடலாம். மூணு நிமிஷ ஆட்டத்தில் ஒருவருக்கு 180 செகண்டு. 30 மூவ் என்று வச்சால் ஒரு மூவுக்கு 6 செகண்டு. பத்து நிமிஷ ஆட்டம் என்றால் 20 செகண்டு. முப்பது நிமிஷ ஆட்டம் என்றால் முழுசா ஒரு நிமிஷம். எதிரே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவர் இந்தப் பொறியைப் பார்த்ததே இல்லை, 6 செகண்டில் எஃப்3-ஐக் கண்டுபிடிக்கணும் என்றால் எப்படி முடியும்? ஒரு நிமிஷம் கொடுத்தால் பாதிப்பேர் கண்டுபிடிச்சுடுவாங்க. எஃப்3 கிடைக்காட்டியும் “ராணியை ஏன் சும்மா விடுறான்?” என்றாவது யோசிப்பாங்க. நம்ம ஜெயிப்புக்குப் பாதிக் காரணம் கேம்பிட், பாதிக் காரணம் கடிகாரம். என் கருத்தில் கடிகாரத்துக்குப் பாதிக்கும் மேலேயே கொடுக்கலாம்.

இதே கதை உலக சாம்பியன் மட்டத்திலும் நடந்திருக்கு. லாட்வியா நாட்டு ரிகா நகரத்தின் மிகைல் தால் காய்களை வாரிக் கொடுத்துத் தாக்குவார். அவர் கொடுத்தது எல்லாம் சரின்னு சொல்ல முடியாது, வீட்டில் உட்கார்ந்து ஆராய்ந்தவங்க பல தியாகங்களில் ஓட்டை கண்டுபிடிச்சாங்க. ஆனால் பலகை முன்னால் உட்கார்ந்தவருக்கு அந்த ஓட்டை அந்த நேரத்தில் தெரியணுமே! 1960-ல் போட்வின்னிக்கை வென்று தன் 23 வயதில் சாம்பியன் ஆனார். அடுத்த வருஷமே, 1961-ல் மறுபோட்டி. இந்தத் தடவை போட்வின்னிக் தாலின் ஆட்டத்தை நல்லாப் படிச்சு வந்தார். 13-க்கு 8 என்று ஜெயிச்சுப் பட்டத்தைத் திரும்ப வாங்கிட்டார். தாலுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. சென்னையில் அவர் பேரிலேயே ஒரு செஸ் கிளப் இருந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் அதை நடத்தினார். சின்ன வயதில் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகியது அங்கேதான்.

ஆனந்த் என்றதும் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆட்டத்தைச் சொல்லியே ஆகணும். அவர் ஜெயிச்ச ஆட்டம் இல்லை, தோற்ற ஆட்டம். 1988, சுவிட்சர்லாந்தில் பீல் நகரம். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன அதே வருஷம். எதிரே கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டா. ஆனந்துக்குக் கறுப்பு. மூணாவது மூவில் வெள்ளைக் குதிரை இ5-ஐ வெட்டுற வரைக்கும் நம்ம ஸ்டாஃபோர்ட் மாதிரியேதான், ஒரு எழுத்து மாறலை. பிறகு ஆனந்த் ஒழுங்கான டி6 வச்சார். குதிரை எஃப்3-க்குத் திரும்பியது. ஆனந்தின் குதிரை இ4 சிப்பாயை வெட்டியது. அஞ்சாவது வெள்ளைக் குதிரை சி3, ஆனந்த் பிஷப்பை எஃப்5-இல் வச்சார். ஆறாவது, வெள்ளை ராணி இ2. உடனே ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துட்டார். ஆறே மூவ்!

ஏன்னு பாருங்க. இ4 குதிரை அசைய முடியாது, அதுக்கு நேர் பின்னாடி கறுப்பு ராஜா. டி5 சிப்பாயால் தாங்கினால் வெள்ளை டி3 வச்சு குதிரையை எடுத்துடும். ராணியை இ7-இல் வச்சுத் தாங்கினால் வெள்ளைக் குதிரை டி5-க்குப் பாய்ந்து ராணியையே விரட்டும், பிறகு அதே டி3.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஏன் பிஷப் எஃப்5 வச்சார்? 1987-ல் மைல்ஸ், கிறிஸ்டியான்சென் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டத்தில் அந்த மூவ் வந்து ஆட்டம் டிராவில் முடிந்திருந்தது. அங்கே வெள்ளை ராணி இ2 வைக்கலை, அதனால் அந்த மூவ் பிழைச்சுது. அச்சில் வந்த அந்த ஆட்டத்தை நம்பித்தான் ஆனந்த் ஆடினார் என்பார்கள். அவருக்கு அச்சு, நமக்கு வீடியோ. வீடியோவில் எதிரி எப்பவும் பிஷப் ஜி5-தான் வைப்பான், எஃப்3 வைக்கிறவன் வீடியோவில் வரமாட்டான்! ஆனந்த் அந்தத் தோல்விக்குப் பிறகு அஞ்சு தடவை உலக சாம்பியன் ஆனார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆன்லைன் என்றாலே பொறி வச்சு ஆடுறதுதான் என்றும் நினைக்க வேண்டாம். 2022 பிப்ரவரியில் சென்னை பிரக்ஞானந்தா தன் 16 வயதில் மாக்னஸ் கார்ல்சனை வென்றது ஆன்லைன் ஆட்டத்தில்தான். ஆளுக்கு 15 நிமிஷம், அதோட ஒவ்வொரு மூவுக்கும் 10 செகண்டு கூடுதல். கறுப்புக் காயில் டராஷ் தற்காப்பு என்ற முறையான ஆட்டம் ஆடினார். 39 மூவ் வரை உட்கார்ந்து, கார்ல்சன் சறுக்கிய இடத்தில் விடாமல் பிடிச்சார். அந்த வருஷம் மே மாதம் இன்னொரு ஆன்லைன் போட்டியில் ராத்திரி வெகுநேரம் ஆடிட்டு காலையில் பதினொண்ணாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனார். (நம்ம வீட்டில் இதைச் சொல்லிப் போன் கேட்டால் கிடைக்காது, முயற்சி செய்ய வேண்டாம்.)

அதனால் நான் சொல்றது இதுதான். மூணு நிமிஷ ஆட்டத்தில் ஸ்டாஃபோர்ட் ஆடுங்க, நானும் ஆடுறேன், ஜாலியா இருக்கு. குதிரையும் பிஷப்பும் சேர்ந்து எப்படித் தாக்கும் என்று கண்ணுக்குப் பழகுது. ஜெயிச்ச உடனே அடுத்த ஆட்டத்துக்குத் தாவாமல், எதிரி தப்புப் பண்ணிய இடத்துக்குத் திரும்பிப் போய் அவருக்கு நல்ல மூவ் என்ன இருந்தது என்று தேடுங்க. லைசெஸ் தளத்தில் கம்ப்யூட்டர் அலசல் இலவசம். ஆனால் முதலில் நாமே தேடிட்டு அப்புறம் அந்தப் பட்டனை அமுக்கணும்.

குறுவட்டப் போட்டியில் இதை ஆடக்கூடாது என்பது என் கட்சி. அங்கே எதிரே இருக்கிறவங்க கன்னத்தில் கை வச்சு யோசிப்பாங்க, அவசரமில்லை. தொட்ட காயை ஆடியே ஆகணும். ஒருத்தர் தோற்றால் டீமுக்கே அடி. அதே மூணாவது மூவில் டி6 வச்சாலே போதும், ஒரு சிப்பாயும் போகாது. எதிரணி நம்மகிட்ட ஸ்டாஃபோர்ட் ஆடினால் எஃப்3 ஞாபகம் வச்சுக்கோங்க. ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் பயப்படுற ‘நாலு மூவ் மேட்’டுக்கும் இப்படித்தான் சின்னப் பதில் உண்டு: ராணி ஹெச்5, பிஷப் சி4 வந்ததும் ஜி6 வைங்க, ராணி ஓடணும்.

கடைசியா ஒரு புதிர். ஸ்டாஃபோர்ட்டில் நாலு மூவ் முடிஞ்ச பிறகு வெள்ளை 5-வது இ5, கறுப்புக் குதிரை இ4. வெள்ளை 6-வது டி3, கறுப்பு பிஷப் சி5. வெள்ளை 7-வது டி சிப்பாயால் இ4 குதிரையை வெட்டுது. இப்போ கறுப்பு என்ன ஆடணும்? வெள்ளையின் எந்த மூவ் தப்பு? துண்டுச்சீட்டில் பேர், வகுப்பு எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஆணியில் குத்தி வைங்க. விடை அடுத்த இதழில்.

- 9-ஆம் வகுப்பு மாணவி